சேலத்து டிஎம்-களுக்கு ஒரு திறந்த மடல்: பொணம் பேசினா பேசட்டும், விடுங்க

சேலத்துல சனி ஞாயிறானா மொட்டை மாடியிலயும் காபி கடை மூலையிலயும் அட்டை ஸ்கிரீனை நிறுத்தி வச்சு, ஆளுக்கொரு கேரக்டரா டைஸ் உருட்டிக் கதை ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேமை நடத்துற டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதையை ஓட்டுறவர்) அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நீங்க இல்லன்னா எங்களுக்கு கேமே இல்லங்க, அது நல்லாத் தெரியும். மேப் போடுறது நீங்க, பூசாரிலேருந்து பூதம் வரைக்கும் எல்லார் குரல்லயும் பேசுறது நீங்க, வராதவனுக்கு போன் போட்டு கெஞ்சுறதும் நீங்கதான். அதனால இதைத் திட்டுறதா எடுத்துக்காதீங்க. பாதி திட்டுதான், முழுசா இல்ல.

எங்க கேரக்டர்கிட்ட ஒரு பவர் இருக்கு, அது உங்க கதையை உடைச்சிடும்னு தெரிஞ்ச அந்த செகண்டே "அது இங்க வேலை செய்யாது"ன்னு சொல்லிடுறீங்க பாருங்க, அதைத்தான் நிறுத்தச் சொல்றேன். கேரக்டர் ஷீட்டுல எழுத விட்டுட்டு டேபிள்ல பிடுங்குறது, பந்தியில உட்கார வச்சுட்டு இலையை உருவுற மாதிரி.

ஒரு கேம்ல நடந்தது சொல்றேன், யார் டேபிள்னு கேக்காதீங்க. அப்படியே ஏற்காடு மாதிரி ஒரு மலை, காபி எஸ்டேட், பனி இறங்கி நிக்குது, காபிக்கொட்டை காயப்போடுற களத்துல கணக்குப்பிள்ளை செத்துக் கிடக்கார். செம செட்டப், சும்மா சொல்லக்கூடாது. நான் லெவல் 5 கிளரிக், அதாவது சாமி வரத்துல ஸ்பெல்னு மந்திரம் போடுற ஆள், அந்த லெவல்லதான் கிளரிக்குக்கு மூணாம் லெவல் ஸ்பெல்லே வரும், அதுல பொணத்தைப் பேச வைக்கிற 'ஸ்பீக் வித் டெட்'டும் ஒண்ணு, அதைக் காலையிலயே பிரிப்பேர் பண்ணி வச்சிருந்தேன், பொணத்துப் பக்கத்துல உட்கார்ந்து போடுறேன்னேன். டிஎம் தலையைக் குனிஞ்சார், பேப்பரைப் புரட்டினார், பென்சிலால டேபிளை ரெண்டு தட்டு தட்டினார், அப்புறம் "நாக்கை அறுத்திருக்காங்க"ன்னார். கொஞ்சம் முன்னாடிதான் எங்க ரோக், அதாவது திருட்டு வேலை தெரிஞ்ச கேரக்டர், அந்த வாயைத் திறந்து பார்த்து, உள்ள ஏலக்காய் வாசனை அடிக்குதுன்னு இதே டிஎம் சொன்னார், நாக்கு இல்லாதது அப்ப கண்ணுல படலயாம்!

இத்தனைக்கும் 2014 ரூல் புக்குல பொணத்துக்கு வாய் இருக்கணும், அது அன்டெட்டா (செத்தும் நடமாடுறதா) இருக்கக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு. நாக்கைப் பத்தி பேச்சே இல்ல.

சரி, ரூல் சண்டையை விடுங்க. அந்த ஸ்பெல்லை ஒரு தடவை நிதானமாப் படிச்சிருந்தா தடுக்கவே தோணியிருக்காது. அஞ்சே கேள்விதான் கேக்க முடியும். அதே பொணத்துகிட்ட 10 நாளைக்கு மறுபடி போட முடியாது. உயிரோட இருந்தப்ப தெரிஞ்சதுதான் அதுக்குத் தெரியும், பேசின பாஷைதான் பேசும், பதிலும் பெரும்பாலும் துண்டு துண்டா, புதிர் போட்ட மாதிரி வரும். நம்மளை எதிரின்னு நினைச்சா உண்மை சொல்லணும்னு கட்டாயம்கூட கிடையாது. இதை வச்சு எவ்வளவு பண்ணலாம் பாருங்க. பின்னாடி இருந்து அடிச்சிருக்காங்க, பனியில மூஞ்சி தெரியல, "கறுப்புக் கம்பளி"ன்னு மட்டும் சொல்றார், மார்கழி மாசம் அந்த மலையில கம்பளி போர்த்தாதவன் யாரு? இல்லன்னா அவரே எஸ்டேட் பணத்துல கை வச்சவர், செத்த பிறகும் அதை மறைக்கிறார். இல்லன்னா கொன்னது யாருன்னு பேரையே சொல்லிடுறார், அது முதலாளி மகன், ஊருக்கே தெரியும், செத்தவன் சாட்சியை எந்தப் பஞ்சாயத்து ஒத்துக்கும்? இப்ப கதை யார் கொன்னாங்கறதுல இல்ல, அவனை என்ன பண்றதுங்கறதுல நிக்குது. எனக்கு இதான் பெரிய கதையாத் தெரியுது.

அந்த நாக்கு ஐடியாவே தப்புன்னு சொல்லலங்க. கொலைகாரன் முன்கூட்டியே யோசிச்சு தாடையோட எடுத்துட்டுப் போயிருந்தா, அது ஒரு க்ளூ! பொணத்தைப் பேச வைக்கிற ஆள் வரப்போறது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, அப்ப நாங்க வர்றதை அவன்கிட்ட சொன்னது யாரு? வில்லன் அறுத்தா துப்பறிவோம், நீங்க அறுத்தா கடுப்பாவோம். ஆனா ஊர்ல விழுற எல்லாப் பொணத்துக்கும் தாடை இல்லன்னா அதுவும் உங்க கைவேலைதான்னு கண்டுபிடிச்சிடுவோம்.

உண்மையை வரவைக்கிற 'ஸோன் ஆஃப் ட்ரூத்' ஸ்பெல்லுக்கும் இப்படித்தான் பயப்படுறீங்க. 15 அடி ரேடியஸ், 10 நிமிஷம், கரிஸ்மா சேவ்ல, அதாவது ஸ்பெல்லைத் தாக்குப்பிடிக்க உருட்டுற டைஸ்ல, தோத்தவன் தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஸ்பெல் தன்மேல இருக்குன்னு அவனுக்கும் தெரியும், பதில் சொல்லாம நழுவலாம். "ராத்திரி எங்க போயிருந்தே?"ன்னு கேட்டா "எங்க வீட்ல வேணா கேட்டுப் பாருங்க"ங்கறது பொய்யே இல்ல. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாம அரைமணி நேரம் பேச நம்ம சொந்தக்காரங்களுக்கு யாராவது கத்துக் குடுக்கணுமா என்ன? அவங்க பேசுறதை அப்படியே என்பிசி (நீங்க ஆடுற கேரக்டர்) வாயில போடுங்க. எஸ்டேட் முதலாளி அந்த வட்டத்துக்குள்ள கால் வைக்கவே மாட்டேன்னு முறுக்கிக்கிட்டார்னா அது தனி சீன்.

பறக்கிறது வேற தலைவலிங்கிறீங்க. "அடிவாரத்துலேருந்து 20 ஹேர்பின் பெண்டுக்கும் பெண்டுக்கு ஒரு ஆபத்து எழுதி வச்சிருந்தேன், விசார்ட், அந்த மந்திரவாதி, 'ஃப்ளை' ஸ்பெல் போட்டு மேல போயிட்டான்"னு ஒருத்தர் புலம்பினார். அண்ணா, கணக்குப் போட்டீங்களா? ஒரு டர்னுக்கு, அதாவது ஆறு செகண்டுக்கு, 60 அடி, மொத்தம் 10 நிமிஷம், டேஷ் போட்டு ரெண்டு மடங்கு தூரம் பறந்தாக்கூட நாலு கிலோமீட்டர் வராது, பாதி மலையில ஸ்பெல் தீர்ந்து இறங்கணும். மூணாம் லெவல் ஸ்லாட்ல (ஒரு ஸ்பெல்லுக்கு செலவாகுற பவர்) போட்டா ஒரு ஆள்தான் பறக்க முடியும், கான்சன்ட்ரேஷன் வேற, கவனம் கலைஞ்சா ஸ்பெல் போச்சு. தனியா, பனிக்குள்ள, மத்தவங்க எல்லாம் கீழ. இதைவிட நல்ல ஆபத்தை உங்களால எழுதவே முடியாது.

'குட்பெர்ரி' வேற இருக்கு, லெவல் 1-லயே 10 பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. இந்த ஸ்பெல் போடுற ட்ரூயிட், அதாவது காட்டு மந்திரக்காரர், இருக்கிற டேபிள்ல பட்டினிக் கதை வேண்டாம், அவ்வளவுதான்.

எதையுமே தடுக்கக்கூடாதுன்னு சொல்லலங்க. ஸ்பெல்லே இல்லாம பிறந்ததுலேருந்தே பறக்கிற ஆராகோக்ரான்னு ஒரு பறவை இனம் இருக்கு, அதுக்கு நான் மேல சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது, உங்க கதைக்கு அது ஆகாதுன்னா வேண்டாம்னு சொல்லுங்க, யாரும் சண்டைக்கு வர மாட்டோம். அதை செஷன் ஸீரோல, கேம் தொடங்குறதுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசுறப்பவே சொல்லுங்க, கேரக்டர் எழுதுறதுக்கு முன்னாடி, அதுக்குப் பதிலா வேற ஏதாவது எடுத்துக்குவோம். நடுவுல திடீர்னு ஏதாவது வந்து நிஜமாவே மாட்டிக்கிட்டீங்கன்னா, "இதை நான் யோசிக்கல, பத்து நிமிஷம் டைம் குடுங்க"ன்னு வாய்விட்டே சொல்லுங்க. நாங்க கீழ போய் தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு வர்றோம், உங்களுக்கும் ஒண்ணு பார்சல், காரம் எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
இன்னும் மூணாம் லெவல் ஸ்லாட் மிச்சம் வச்சிருக்கிற ஒரு கிளரிக்