பத்து வருடம் கழித்து எடுத்த படம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் சலூன் நடத்துகிறேன். முடி மாற்று சிகிச்சை விளம்பரம் உங்கள் ஞாயிறு இதழில் வாரம் தவறாமல் வருகிறது. ஒரு கிராஃப்ட் (வேரோடு பெயர்த்து நடும் சிறு முடிக்கொத்து) இவ்வளவு ரூபாய், சுலபத் தவணை, இந்தப் பக்கம் வழுக்கை, அந்தப் பக்கம் அடர்ந்த முடி. அதே தலை பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று ஒரு விளம்பரத்திலும் பார்த்ததில்லை. அந்தத் தலைகள் முடி வெட்ட என்னிடம்தான் வருகின்றன.

சிகிச்சையே தப்பு என்று சொல்ல வரவில்லை. பின்னந்தலை முடி பெரும்பாலும் உதிராது, அதைப் பெயர்த்து முன்னால் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. 1950-களில் நியூயார்க்கில் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் இதைச் செய்து காட்டினார். நட்ட முடி நிற்கும், சரி. அதை ஒட்டிப் பின்னால் இருக்கும் சொந்த முடி நிற்குமா? அது தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே போகும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் போய் உட்காரும் பையன்கள் இதை யோசிப்பதில்லை.

என் வாடிக்கையாளர் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் செய்துகொண்டு வந்தார். பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பதுபோல நெற்றியில் தாழ்வாக, நேர்கோடாக நட்டிருந்தார்கள். முதல் இரண்டு வருடம் ராஜா மாதிரி இருந்தார். இப்போது நாற்பதை நெருங்குகிறார். முன்னால் அந்தப் பட்டை மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குப் பின்னால் உச்சி வரை வெட்டவெளி. முன் முடியைப் பின்னால் தூக்கி வாரி மறைக்கச் சொல்கிறார். காற்றடித்தால் என்ன செய்வது? மொட்டையடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. பின்னந்தலையில் நெருக்கி நெருக்கி எடுத்ததில் வெள்ளைப் புள்ளிகளாகத் தழும்பு. மெஷினில் ஜீரோ போட்டால் பூச்சி அரித்த துணியாகத் தெரிகிறது. இன்னொரு தடவை நடலாமா என்று வேறு மருத்துவரிடம் கேட்டதற்கு, எடுக்கப் பின்னால் அதிகம் இல்லை என்றாராம்.

விஷயமே அங்குதான் இருக்கிறது. பின்னந்தலையில் எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்துப் பாதுகாப்பாக எடுக்க முடிவது பலருக்கு 5,000, 6,000 கிராஃப்ட்தான், தலைக்குத் தலை கொஞ்சம் கூடும், குறையும். முதல் தடவையே நெற்றியை இறக்கவும் உச்சிச் சுழியை அடைக்கவும் 4,000 போட்டுவிட்டால் நாற்பத்தைந்து வயதில் கையில் என்ன இருக்கும்? அதிலும் சுழியை இளம் வயதில் நிரப்புவது ஆபத்து. சுற்றிலும் இருக்கும் முடி போனதும் நடுவில் தீவு மாதிரி ஒரு கொத்து நிற்கும். தாடி முடியையும் எடுத்து நடுகிறார்கள், ஆனால் அது முரட்டு முடி, முன்வரிசைக்கு ஒத்து வராது.

வழுக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சோதிடம் போலச் சொல்ல முடியாதுதான். குடும்பத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறைக்கும் எங்கள் கடையில் வெட்டியிருக்கிறோம். அம்மா வழித் தாத்தாவை மட்டும் பார்த்தால் போதும் என்பார்கள், அது பாதி உண்மை. அப்பா, சித்தப்பா, மாமா எல்லோர் தலையையும் பார்க்க வேண்டும். வழுக்கை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அளக்கும் நார்வுட் அளவுகோலில் ஏழு படிகள் உண்டு. குடும்பத்தில் ஏழாம் படிக்குப் போனவர்கள் இருந்தால் பையனும் அங்கே போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். நெற்றிக் கோட்டை ஏற்றி வைத்து, இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் உள்வாங்கியபடி விட்டால் ஐம்பது வயதிலும் பொருந்தும்.

அப்புறம் மருந்து. மிச்ச முடியைக் காக்க மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும் கொடுக்கிறார்கள். நிறுத்தினால் காத்து வைத்ததும் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டரைடு சிலருக்குத் தாம்பத்தியத்தில் பக்கவிளைவு தரும் என்பதால் பயந்து விடுபவர்கள் உண்டு. தொடர்ந்து எடுக்க முடியாதவர் என்றால் நடுவதில் இன்னும் சிக்கனம் வேண்டும். இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பே பேச வேண்டாமா? வயது குறைவு, கொஞ்ச நாள் மருந்து போட்டுப் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விளம்பரம் கொடுப்பதாகத் தெரியவில்லை.

எத்தனை கிராஃப்ட் எடுத்தோம், பின்னால் இன்னும் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் மருத்துவமனை எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்து போகும் மருத்துவருக்கு அந்தச் சீட்டு உதவும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த விளம்பரப் படங்களின் கீழே அவருடைய வயது, நட்ட எண்ணிக்கை, நட்டு எத்தனை வருடம் ஆகிறது என்ற மூன்றையும் போடச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்றால் தவணை விவரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சலூன்கடை வாசகர்,
கும்பகோணம்.