திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் சேகரக் குருமாருக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் மதிப்பிற்குரிய ஐயர்மார்களுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

பேராயர் வரும் நாள் குறிக்கப்பட்டதும், அவர் கை வைத்து ஜெபித்துப் பிள்ளைகளை விசுவாசத்தில் திடப்படுத்தும் ஆராதனைக்கு ஆயத்தமாக, நம் சேகரங்களில் (ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபைகளில்) திடப்படுத்தல் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. பிள்ளைகள் விசுவாசப்பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் பிழையில்லாமல் ஒப்புவிக்கப் பழகுகிறார்கள். அதற்காகத் தங்கள் மாலை வேளைகளைக் கொடுக்கிறவர்களுக்கு நன்றி. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டினால், கடைசிப் பக்கங்களில் வேறொரு பட்டியல் இருப்பதைப் பார்க்கலாம்: சினிமா கூடாது, பூ வைக்கக் கூடாது, பொட்டு கூடாது, இன்ன உடை கூடாது. அதில் சாதி இல்லை, வரதட்சணையும் இல்லை. கிறிஸ்து விடுதலை தந்த இடத்தில் நாம் நுகத்தை வைக்கிறோம். அவர் முழுக் கீழ்ப்படிதலைக் கேட்கிற இடத்திலோ அவரவர் விருப்பம் என்று விட்டுவிடுகிறோம். இதைச் சொல்லவே எழுதுகிறேன்.

விருத்தசேதனமும் நாட்களையும் மாதங்களையும் கைக்கொள்வதும் இருந்தால்தான் முழுக் கிறிஸ்தவர் ஆகலாம் என்று நம்பத் தொடங்கிய கலாத்தியா நாட்டுச் சபையாருக்குத்தான், மறுபடியும் அடிமைத்தனத்தின் நுகத்துக்கு உட்படாதிருங்கள் என்று பவுல் எழுதினார். அதே 5ஆம் அதிகாரத்தில், அந்தச் சுயாதீனத்தை மாம்சத்திற்கு இடமாக்காமல் அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள் என்றும் சொல்கிறார். கிறிஸ்தவன் எவருக்கும் அடிமையல்ல, அதே கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியன் என்ற கருத்தை 1520இல் மார்ட்டின் லூத்தர் தம் சிறுநூலின் தொடக்கத்திலேயே வைத்தார். இவ்விரண்டில் ஒன்றை விட்டால் மற்றொன்றும் நிற்காது. ஆண்டவருக்காகப் பூவையும் நகையையும் தாமாக விட்டவர்களை நான் மதிக்கிறேன். தாம் விட்டதை அடுத்தவர் மேல் சட்டமாக வைப்பதையே ஏற்க முடியவில்லை.

அந்தியோகியாவில் நடந்ததை வகுப்பில் ஒரு மாலை முழுவதும் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார், பவுலின் உடன் ஊழியரான பர்னபாவும் அவரோடு இழுப்புண்டார். பவுல் அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்காத நடக்கை என்று கண்டு, எல்லாருக்கும் முன்பாகவே பேதுருவை எதிர்த்தார். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அந்தப் பயம் நமக்கு அந்நியமானதல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். சாதி உலக வழக்கம், அது விசுவாசத்தைத் தொடாது என்பதே அன்றைய வாதம்.

அந்த வாதம் இன்றும் நம் வீடுகளில் உயிரோடிருக்கிறது. கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களைப் பாருங்கள்: இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற, சாட்சியுள்ள வரன் வேண்டும் என்று எழுதிய அதே வரியிலேயே உட்பிரிவும் எழுதப்பட்டிருக்கிறது. ஆலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து, தடை ஏதும் உண்டோ என்று சபையைக் கேட்கிறோம். எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று பேசி முடித்தது சபைக்கே தெரிந்திருந்தும், அது ஒரு தடையாக நமக்குத் தோன்றுவதில்லை. வரதட்சணை தேசத்தின் சட்டப்படி 1961 முதலே குற்றம் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பூ வைத்த பிள்ளையைத் தனியே அழைத்துப் புத்தி சொல்கிற நாம், மகனுக்கு விலை பேசிய தகப்பனைக் கமிட்டியில் அமர்த்துகிறோம்.

வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள். சீஷனாவது எளிது என்று இயேசு ஒருவரிடமும் சொன்னதில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்கிட வேண்டும் என்றார்; கலப்பையின்மேல் கை வைத்தபின் திரும்பிப் பார்க்கலாகாது என்றார். பேராயர் கை வைக்கும் முன்பே அந்தச் செலவு இன்னதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நியாயம். வரதட்சணை வாங்கமாட்டேன், சாதி பார்த்து மணமுடிக்கமாட்டேன், சபைத் தேர்தலில் உறவுக்காகவும் பணத்துக்காகவும் ஓட்டுப் போடமாட்டேன் என்று ஒரு வாலிபன் தீர்மானித்தால், அது அவனைத் தன் வீட்டாரோடேயே மோதவைக்கும். அப்போது அவன் பக்கம் யார் நிற்பார்கள் என்பதற்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆகவே, இந்த ஆண்டு வகுப்புகள் தொடங்குமுன் கமிட்டி கூடி, அந்தக் கடைசிப் பக்கங்களில் என்ன எழுதப்பட வேண்டும் என்று ஜெபத்தோடு ஆலோசிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் கேட்கிற தீர்மானத்தை முதலில் கமிட்டியாரும், அவர்களைத் தொடர்ந்து பெற்றோரும் ஒரு ஞாயிறு ஆராதனையில் சபைக்கு முன்பாக எடுக்கும்படியும் வேண்டுகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
சபை அங்கத்தினர் ஒருவர்