எண்ணெயின் நிறத்தை நம்ப வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பலகாரத் தொழில் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், எண்ணெய் கறுத்துவிட்டால் உடனே மாற்றிவிட வேண்டும் என்று ஒரு வரி வந்திருந்தது. கறுத்த எண்ணெயை மாற்றுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வரியைத் திருப்பிப் போட்டு, கறுக்காத எண்ணெய் நல்ல எண்ணெய் என்று பலரும் எடுத்துக்கொள்வார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்பும் பலரிடம் இந்த நம்பிக்கை ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கந்தரப்பமும் அதிரசமும் சுட்ட எண்ணெய் சில ஈட்டிலேயே கறுத்துப் போகும். மாவிலிருந்து கசியும் வெல்லம் தீய்வதும், உதிரும் மாவுத்தூள் கருகுவதும் அதற்குக் காரணம். அந்த எண்ணெயை ஆய்வகத்தில் பார்த்தால் பெரும்பாலும் இன்னும் கெட்டிருக்காது. தேன்குழல், சீப்புச் சீடை பொரித்த எண்ணெயோ நாள் கணக்கில் பொன்னிறமாகவே நிற்கும். உள்ளுக்குள் அது பயன்படுத்தத்தக்க வரம்பைத் தாண்டியிருக்கலாம். அடுப்பில் இருக்கும் எண்ணெயை மூன்று விஷயங்கள் உடைக்கின்றன. மாவின் ஈரம் கொழுப்பைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. காற்று ஆக்சிஜனேற்றம் செய்கிறது. நெடுநேரச் சூடு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பாலிமராக்குகிறது. இப்படி உண்டாகும் எல்லாவற்றையும் சேர்த்து அளப்பதுதான் ‘மொத்தத் துருவச் சேர்மங்கள்’ என்ற கணக்கு. அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. விதியில் நிறத்துக்கு இடமில்லை.

இப்போது எண்ணெயைத் ‘தெளிய வைக்கும்’ பொடிகள் கடைகளில் கிடைக்கின்றன. பெரும்பாலும் மெக்னீசியம் சிலிகேட், இல்லையென்றால் அமிலத்தில் பதப்படுத்திய களிமண். சூடான எண்ணெயில் எடைக்கு 1 முதல் 2 சதவீதம் போட்டுக் கலக்கி வடிகட்டினால் நிறம் வெளுக்கும், எண்ணெயில் உண்டான சோப்புத்தன்மை போகும், கொழுப்பு அமிலமும் ஓரளவு குறையும். ஆனால் பாலிமரில் பெரும்பகுதி எண்ணெயிலேயே கரைந்து நிற்கும். முதல் நாளிலிருந்து தினமும் இப்படி வடிகட்டினால் எண்ணெய் கெடுவது தள்ளிப்போகும், அந்த அளவில் இந்தப் பொடி நல்லதே. கெட்டு முடிந்த எண்ணெயில் போட்டால் வெறும் வெளுப்புதான் மிஞ்சும். வாங்குபவர் கண்ணுக்கு அது நல்ல எண்ணெயாகத் தெரிவதால் இதைக் கலப்படத்துக்குச் சமமாகவே நான் கருதுகிறேன்.

புது எண்ணெய் ஊற்றி ஈடுகட்டுவதும் அப்படித்தான். துருவச் சேர்மங்கள் 28 சதவீதத்துக்கு வந்துவிட்ட 10 லிட்டர் எண்ணெயில், 8 சதவீதம் உள்ள புதுப் பாமாயில் 2 லிட்டரை ஊற்றினால் கலவை 24.7 சதவீதம் காட்டும். சோதனையில் தேறிவிடும். பழைய 10 லிட்டரில் இருந்த பாலிமர் அத்தனையும் சட்டியிலேயேதான் கிடக்கிறது. அடுத்த சில ஈட்டிலேயே மறுபடி வரம்பைத் தாண்டும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஈடு எடுத்த பிறகும் அடங்காமல் நிற்கும் பொடி நுரை, சட்டி ஓரத்தில் பிசின்போல் ஒட்டும் படலம், ஆறினால் வழக்கத்தைவிடக் கெட்டியாக ஓடுவது, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைவது ஆகியவை நிறத்தைவிட நம்பத்தக்க அறிகுறிகள். எண் வேண்டுமென்றால் கையடக்க உணரி இருக்கிறது. அது எண்ணெய் கெடக் கெட உயரும் மின்காப்பு மாறிலி என்ற மின்பண்பை அளந்து துருவச் சேர்மங்களின் சதவீதம் சொல்லும். கடைசி ஈடு எடுத்து ஐந்து நிமிடம் கழித்தே வைக்க வேண்டும், ஏனென்றால் எண்ணெயில் நீர்க்குமிழி இருந்தால் அளவு ஏறிக் காட்டும். சட்டியின் உலோகத்தை ஒட்டியும் வைக்கக் கூடாது. இண்டக்ஷன் அடுப்பு என்றால் அணைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

உணரி வாங்க முடியாதவர்களுக்குக் கல்லூரி ஆய்வகமே போதும். 5 கிராம் எண்ணெயை நடுநிலையாக்கிய ஆல்கஹாலில் சூடாக்கி, ஃபீனால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி சில துளி விட்டு, 0.1 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை இளஞ்சிவப்பு நிற்கும் வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து டைட்ரேட் செய்ய வேண்டும். செலவான மில்லியை 0.1 ஆலும் 28.2 ஆலும் பெருக்கி 5 ஆல் வகுத்தால், ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமாகக் கணக்கிட்ட சதவீதம் வரும். 1.8 மில்லி செலவானால் ஏறத்தாழ 1 சதவீதம். பாமாயிலுக்கு 28.2 க்குப் பதில் 25.6 போட வேண்டும். கறுத்த எண்ணெயில் சிவப்பு தெரியாது. எண்ணெயைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்ட வேண்டும், அல்லது ஆல்கலி புளூ என்ற நிறங்காட்டியைப் பயன்படுத்தலாம். இந்தச் சோதனை ஈரத்தின் சேதத்தை மட்டுமே சொல்லும். ஈர மாவான வெள்ளைப் பணியாரம் சுட்ட எண்ணெயில் இந்தச் சதவீதம் ஏறும், பாலிமர் நிறைந்த எண்ணெயில் ஏறாமலும் இருக்கலாம். ஆகவே மாதம் ஒருமுறையாவது சிலிகா ஜெல் நிரப்பிய குழாயில் எண்ணெயைச் செலுத்தி மொத்தத் துருவச் சேர்மங்களைப் பிரித்து எடைபோட்டு ஒப்பிட வேண்டும். முதுகலை வேதியியல் மாணவர்கள் செய்யக்கூடிய வேலைதான் இது. அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இருக்கும் ஊரில், மாதிரி கொண்டுவந்து கொடுத்தால் சிறு கட்டணத்தில் சோதித்துத் தரும் ஓர் இடம் ஏற்பட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் முதன்மையான கோரிக்கை.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான செம்பு கரைந்தாலே எண்ணெய் காறல் அடிக்கத் தொடங்கும். பித்தளைக் கரண்டியை எண்ணெயில் விட வேண்டாம். இரும்பு அவ்வளவு மோசமில்லை, ஆனால் இருப்புச்சட்டியைப் பளபளவென்று தேய்த்துவிட்டு அதிலேயே எண்ணெயை இரவு முழுக்க வைப்பது கெடுதல். ஆறியதும் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில், காற்று இடைவெளி குறைவாக ஊற்றி வைக்க வேண்டும். ஈட்டுக்கு ஈடு இடைவெளி விழும்போது தீயைக் குறைக்க மறக்கக் கூடாது. சும்மா கொதிக்கும் எண்ணெய்தான் சீக்கிரம் பாலிமராகிறது.

கழித்த எண்ணெய் எங்கே போகிறது என்பதும் நம் ஊருக்கு முக்கியம். சாக்கடையில் ஊற்றினால் வரத்துக்கால் வழியே ஊரணிக்கோ கண்மாய்க்கோ சேரும். எண்ணெய் மக்கும் பொருள்தான், மக்குவதற்குத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ எண்ணெய் முழுதாகச் சிதைய சுமார் 2.9 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது ஏழரை மில்லிகிராம் அளவுதான். அதாவது ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்றரை லட்சம் லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜன். காற்றிலிருந்து புதிதாகக் கரையலாமே என்றால், மேலே படரும் எண்ணெய்ப் படலம் அதையும் தடுக்கிறது.

நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் கணக்கு வைத்து, கழித்த எண்ணெயை அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும் என்று 2019 முதல் விதி உள்ளது. அதைவிடச் சிறியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு டின் நிரப்பலாம். அது பயோடீசலாகும். ஆனால் தண்ணீரும் கொழுப்பு அமிலமும் மிகுந்திருந்தால் ஆலையில் காரத்தோடு சேர்ந்து சோப்பாகிக் கெட்டுவிடும், விலையும் குறையும். கழுவிய தண்ணீர் கலக்காமல், கசடு வடிகட்டி, இறுக மூடி, என்ன எண்ணெய், எந்தத் தேதி என்று டின்னில் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஓர் உணவு வேதியியலாளர்,
காரைக்குடி.