வாக்குத்தத்த அட்டையும் மாற்கு சுவிசேஷமும்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். புத்தாண்டு வாக்குத்தத்த வசனங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புத்தாண்டுக்குத் தேவன் தரும் வாக்குறுதியாக எடுக்கும் அட்டையில் கிடைத்த வசனத்தை வருஷம் முழுவதும் பிடித்துக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நானும் முப்பது வருஷமாக டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வரிசையில் நின்று அட்டை எடுக்கிறவன்தான். வசனம் தேவனுடைய வசனம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒரு வசனமே போதும் என்று இருந்துவிட்டு, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷத்தைத் திறக்காமலே வருஷத்தை ஓட்டிவிடுகிறோமே, அதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

பழைய அட்டைகளை எங்கள் வீட்டு பைபிளுக்குள் செருகி வைத்திருக்கிறேன். கட்டுரையைப் படித்ததும் எடுத்துப் பரப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் ஏசாயா, எரேமியா, உபாகமம், சங்கீதம். நான்கு சுவிசேஷங்களிலிருந்து வந்தவை மூன்றே மூன்று. "தன் சிலுவையை எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்" என்ற வசனம் ஒரு வருஷம்கூட வரவில்லை. உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11 இரண்டு தடவை வந்திருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களை எழுபது வருஷம் முடிந்த பிறகே எருசலேமுக்குத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அதைக் கேட்டவர்களில் வயதானவர்கள் எருசலேமைப் பார்க்காமலே கண்மூடியிருப்பார்கள். அந்த எழுபது வருஷத்தை விட்டுவிட்டுத்தான் நாம் அட்டை அடிக்கிறோம்.

இதை எழுதச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கு வந்த அட்டை, வியாதியை விலக்குவேன் என்ற யாத்திராகம வசனம். அந்த வருஷம்தான் என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் அந்த அட்டையை ஒட்டி வைத்தேன். ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று துக்க வீட்டிலேயே ஒருவர் சொன்னார். எத்தனையோ ராத்திரி அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை.

அப்புறம் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தைப் படித்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த பகுதிதான். ஆனால் ஞாயிறு பள்ளியில் ஜெப ஆலயத் தலைவன் யவீருவின் மகளை ஒரு வாரமும், பெரும்பாடுள்ள, அதாவது நிற்காத உதிரப்போக்குள்ள, ஸ்திரீயை இன்னொரு வாரமும் சொல்லிக் கொடுத்ததால், இரண்டும் ஒரே வழியில் நடந்தவை என்பது மனதில் பதியவே இல்லை. மகள் சாகக் கிடக்கிறாள் என்று காலில் விழுந்த தகப்பனோடு இயேசு நடந்து போகிறார். வழியில் நின்றுவிடுகிறார். என்னைத் தொட்டது யார் என்று கூட்டத்தில் தேடுகிறார். பன்னிரண்டு வருஷம் கஷ்டப்பட்ட அந்த அம்மா தன் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். அவ்வளவு நேரமும் யவீரு பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். அவர் என்ன நினைத்தார் என்று மாற்கு எழுதவில்லை. உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள் என்ற செய்தி அங்கேதான் வருகிறது. பிறகு இயேசு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து "தலீத்தாகூமி", சிறு பெண்ணே எழுந்திரு என்கிறார், சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்கிறார். என் மனைவி எழுந்திருக்கவில்லை. ஆனால் காத்து நின்ற அந்தத் தகப்பன் பக்கத்தில் எனக்கும் நிற்க இடம் கிடைத்தது. விசுவாசம் இல்லாததால்தான் தாமதம் என்று அவரிடம் ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

சுவிசேஷத்தை முழுதாகக் கையில் கொடுக்க நம் ஊரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், இரண்டே வருஷத்தில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிட்டார். முதலில் அச்சாகி வந்தவை நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், அது 1714. காகிதம் பற்றாமல் போனதால் எழுத்தைச் சிறிதாக வார்த்து மீதியை அடித்து, 1715-இல் முழுப் புதிய ஏற்பாட்டையும் முடித்தார்கள். இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு நம் தமிழில்தான்.

என் சம்பந்தி வீட்டார் கத்தோலிக்கர்கள். பேரன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக அவர்களோடு பூசைக்குப் போயிருந்தேன். மற்ற வாசகங்களுக்கு உட்கார்ந்திருந்த கோவிலே, நற்செய்தி என்று அவர்கள் சொல்லும் சுவிசேஷ வாசகத்துக்கு எழுந்து நின்றது. நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் பெருவிரலால் சின்னச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற பேரனும் நிதானமாக மூன்றையும் போட்டான். ஒவ்வொரு வருஷமும் ஞாயிறுகளில் ஒரு சுவிசேஷத்தை வரிசையாக வாசிப்பார்களாம், ஒரு வருஷம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. நம் சபைகளிலும் வாசிக்கிறோம்தான். ஆனால் பிரசங்கத்துக்கு வந்து சேர்ந்தால் போதும் என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

சென்ற லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், எங்கள் தெரு வீட்டு ஜெபத்தில் பாட்டு, பிரசங்கம் எதுவும் வைக்காமல், மாற்கு 16 அதிகாரத்தையும் ஆளுக்கு ஒன்றாகச் சத்தமாக வாசித்தோம். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலாம் அதிகாரத்தில் "பின்னணியத்தில் தலையணையை வைத்து" இயேசு தூங்குகிற இடம் வந்ததும், பின்னணியம் என்றால் என்ன என்று ஒரு பெண் கேட்டாள். கடலுக்குப் போய்ப் பழகிய பெரியவர் ஒருவர், "முன்பக்கம் அணியம், பின்பக்கம் பின்னணியம். அலை ஏறும்போது அங்கே படுத்துத் தூங்கணும்னா ஆள் எவ்வளவு களைச்சுப் போயிருக்கணும்!" என்றார். இயேசு களைத்துப்போவார் என்று அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் யோசித்தார்கள்.

தங்கள் இதழுக்கும் சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் டிசம்பர் 31 ராத்திரி, அட்டையோடு மாற்கு சுவிசேஷத் தனிப் புத்தகம் ஒன்றையும் குடும்பத்துக்குக் கொடுங்கள். பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் பிறருக்கு அதை நீட்டுகிற நாம், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமே. தங்கள் இதழிலும் வாரம் ஒரு அதிகாரம் படிக்கச் சொல்லி ஒரு பத்தி ஆரம்பியுங்கள். எங்கள் தெருவில் இந்த லெந்துக்கு லூக்கா. 24 அதிகாரம் என்பதால் இரண்டு வெள்ளிக்கிழமைகளாகப் பிரித்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தூத்துக்குடி