சரோ, நீதான் அவளிடம் பேச வேண்டும்

அன்புள்ள சரோ,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டாதே. முட்டிவலி அப்படியே, இவருடைய குறட்டையும் அப்படியே. விஷயம் வேறு.

மீனாவுக்குப் பத்து வாரம். மாப்பிள்ளைக்கு ஜப்பானில் செண்டாய்க்கு மாற்றல். 2011-இல் அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவுக்குப் பக்கத்து மாநிலம் என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. தேக்கா சந்தையில் மீன் வாங்க நிற்கும்போதே அவளுக்குப் போன் போட்டு, “இந்தக் குழந்தை இப்போது வேண்டாமே” என்று சொல்லிவிட்டேன். என் வாயாலேயே சொன்னேன், சரோ. அவள் பேசாமல் வைத்துவிட்டாள். ஒன்பது நாளாயிற்று.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். (முதலில் பேச்சு, பிறகு படிப்பு. மேரி டீச்சர் அன்றைக்கே சொன்னார்.) அணு உலை விபத்தில் காற்றில் கலந்து, புல்லில் படிந்து, பால் வழியாக வருவது அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள். கருவின் தைராய்டு பத்து, பன்னிரண்டு வாரத்தில்தான் அயோடினை இழுக்கத் தொடங்குமாம். மீனாவின் கணக்கேதான்! வயிற்றைக் கலக்கியது. ஆனால் அது எட்டு நாளுக்கொரு முறை பாதியாகிவிடும்; 2011 மார்ச்சில் வந்தது அந்த வருடமே தீர்ந்துபோனது. முப்பது வருடத்தில் பாதியாகும் சீசியம்-137தான் மண்ணில் கிடக்கிறது. செண்டாய் ஊருக்குள் அளந்தால் மற்ற நகரங்களைப் போலத்தான் இருக்கிறது. ஃபுகுஷிமா தாய்மார்களையே கணக்கெடுத்தார்கள்: குறைப்பிரசவம், எடைக்குறைவு, பிறவிக்கோளாறு எல்லாம் ஜப்பானின் மற்ற இடங்களின் அளவுதான். ஹிரோஷிமாவில் எட்டு முதல் பதினைந்து வாரக் கருக்கள் சிறுத்த தலையோடு பிறந்தது உண்மை. அது குண்டு வெடித்த நொடியில் நேராகத் தாக்கிய பெரும் கதிர்வீச்சு. கரு வாங்கும் கதிர்வீச்சு நூறு மில்லிகிரேக்குக் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே என்றால் கருவைக் கலைக்கக் காரணமே இல்லை என்கிறார்கள்.

என்னைப் புரட்டிப் போட்டது கிரீஸ். 1986 ஏப்ரல் 26, செர்னோபில் அணு உலை விபத்து. கிரீஸில் ஆளுக்கு விழுந்த கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் (அதுவும் மில்லிகிரே மாதிரி ஓர் அளவுதான்) கீழே. ஆனாலும் வதந்தி பரவி, டாக்டர்களே பயமுறுத்தி, 1987 ஜனவரியில் பிறப்பு சரிந்துவிட்டது. ஆசைப்பட்டுச் சுமந்த கருக்கள் ஏறக்குறைய 2,500 கலைக்கப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு அதைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். நான் சொன்னதும் அதேதானே?

மீனா என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். பிரசவம் பார்த்து அவளை முதலில் கையில் வாங்கியவள் நீ, உன் பேச்சைக் கேட்பாள். கெஞ்சுகிறேன் என்று சொல், பரவாயில்லை.

நல்ல அயோடின் இருக்கிறதே என்று பயத்தில் மீனாவுக்காகக் கடற்பாசி இரண்டு கிலோ வாங்கிவிட்டேன். அயோடின் மிஞ்சினாலும் கருவுக்கு ஆகாதாம். அடுத்த மாதம் பினாங்கிலிருந்து வரும்போது பெரிய பையாகக் கொண்டு வா, அத்தனையும் உனக்குத்தான்.

உன்,
லெட்சுமி