கோடு போட்டபின் கருத்துக் கேட்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

சாலை விரிவாக்கக் கருத்துக் கேட்புக் கூட்டம் பற்றிய உங்கள் செய்தியில் ‘பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்’ என்று ஒரு வரி இருந்தது. வேறொரு திட்டத்துக்காக நடந்த கூட்டத்தில், திரளாகக் கலந்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி.

வாசலிலேயே பதிவேட்டை நீட்டினார்கள். வந்ததற்கு அடையாளம்தானே என்று கையெழுத்துப் போட்டேன். உள்ளே சுவர் நிறைய வரைபடம். விரலால் தடவித் தடவித் தேடியதில், சிவப்புக் கோட்டுக்கு நடுவே ஓர் எண்ணாக எங்கள் வீடு கிடைத்தது. ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். எனக்கு முன் எழுந்த பெரியவர், கோட்டைக் கொஞ்சம் தள்ளிக் காலி மனை வழியாகக் கொண்டுபோனால் ஒன்பது வீடு தப்புமே என்று கேட்டார். “குறித்துக்கொள்கிறோம்” என்றார் அதிகாரி. அவர் கையில் பேனா இல்லை.

சில மாதம் கழித்து அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ‘கலந்துகொண்டோர் இழப்பீட்டை உயர்த்தக் கோரினர்’ என்றிருந்தது. பெரியவரின் காலி மனையைக் காணோம். நானோ இழப்பீடு பற்றி வாயே திறக்கவில்லை. இந்த வழியாகத்தான் போக வேண்டுமா என்றுதான் கேட்டேன். எங்கள் கையெழுத்துகள் மட்டும் ஒன்று விடாமல் பின்னிணைப்பில் இருந்தன.

இது எங்கள் தலையெழுத்து மட்டுமல்ல. அமெரிக்காவின் நியூ லண்டன் நகரில், வளர்ச்சித் திட்டம் ஒன்றுக்காக வீடுகளைக் கையகப்படுத்தியதை எதிர்த்து சூசெட் கீலோ என்ற பெண்மணியும் அண்டை வீட்டாரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வழக்காடியவர்களில் ஒரு மூதாட்டி, 1918இல் தாம் பிறந்த அதே வீட்டில் வசித்துவந்தவர். 2005இல், 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றார்கள். அங்கேயும் குடியிருப்பாளர் கூட்டங்கள் நடந்தன. நகர மன்றம் முதற்கட்ட ஒப்புதல் தந்த பிறகு, நடைமுறையை மக்களுக்குப் புரியவைப்பதற்காக நடத்தப்பட்டவை என்று தீர்ப்பே சொல்கிறது. கேட்பதற்காக அல்ல, புரியவைப்பதற்காக! இத்தனைக்கும் வீடுகளை எடுத்துக்கொண்ட பிறகு அந்த இடம் பல ஆண்டுகள் வெறும் பொட்டலாகக் கிடந்தது.

எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பாலமும் எழாது என்பார்கள். சரி, தடுக்கும் அதிகாரம் எங்களுக்கு வேண்டாம். இரண்டு மூன்று பாதைகள் பென்சில் கோடுகளாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். ஒரு பாதையைக் கைவிட்டால் ஏன் என்று எழுத்தில் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் ‘இது சம்மதம் ஆகாது’ என்று அச்சிடுங்கள். அதற்கு என்ன செலவாகிவிடப் போகிறது? ஒப்பந்தப்புள்ளி கோரும் தேதியைக் குறித்துவிட்டு எங்களை நாற்காலியில் உட்காரவைப்பது கருத்துக் கேட்பு அல்ல, தகவல் சொல்லி அனுப்புவது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு கூட்டத்துக்குச் செய்தியாளரை அனுப்பினால், எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, வரைபடத்தில் எந்தத் தேதியிட்டுக் கையொப்பம் ஆகியிருக்கிறது என்றும் பார்த்துவரச் சொல்லுங்கள். கூட்டம் நடந்த தேதிக்குப் பக்கத்திலேயே அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
வரைபடத்தில் எண்ணாகிப்போன வீட்டுக்காரி ஒருத்தி