காத்திருப்பு இசைக்குக் கணக்கு யார் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசை இலவசமாகிவிட்ட காலத்தில் இசைக்கலைஞர்களும் கம்பெனிகளும் எப்படிப் பிழைப்பது என்று கவலைப்பட்டு உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கீபோர்டு வாசிப்பவன். நடுவில் பன்னிரண்டு வருடம் ஒரு சின்ன கேசட் கம்பெனி நடத்தி, மூடியும் விட்டேன். அதனால் இரண்டு தரப்புப் புலம்பலும் எனக்கு அத்துப்படி. காசு கொடுத்துக் கேட்கும் பழக்கம் ரசிகர்களுக்குத் திரும்ப வர வேண்டும் என்று கட்டுரை முடிகிறது. அது வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

என் சொந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பில் தகராறுக்காக ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். இணைப்பில் காத்திருக்கச் சொன்னார்கள். பின்னணியில் ஓர் இசை ஓடியது. எங்கேயோ கேட்டது மாதிரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே புல்லாங்குழல்காரர் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். பதிவு அன்று அதை வெட்டிவிடலாமா என்று இன்ஜினியர் கேட்க, இருக்கட்டும் என்று சொன்னது நான்தான். என் டிராக், என் கீபோர்டு. என்னை நானே கேட்டபடி பதினோரு நிமிடம் காத்திருந்தேன். நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண்குரல் வேறு.

பில் தகராறு தீர்ந்த பிறகு, அந்த இசை எங்கே கிடைத்தது என்று கேட்டு எழுதினேன். "அது நெட்டில் சும்மாதானே சார் இருந்தது" என்று ஒரு மேனேஜர் பதில் சொன்னார். பொய் சொல்லவில்லை அந்த மனிதர். கம்பெனியை மூடிய பிறகு, நாலு பேராவது கேட்கட்டுமே என்று அந்த டிராக்கை நெட்டில் இலவசமாகப் போட்டவனே நான்தான். ஆனால் நான் இலவசமாகக் கொடுத்தது கேட்கிறவருக்கு. வாடிக்கையாளரைப் பதினோரு நிமிடம் பொறுமையாக உட்கார வைக்க அதைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்கு அல்ல. இந்த வித்தியாசத்தை அவருக்கு விளக்க எனக்கு மூன்று கடிதம் ஆனது.

இந்த வழக்கு ரொம்பப் பழையது. 1847-இல் பாரிஸில் கஃபே தெ ஆம்பஸடர் என்ற இடத்தில் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் உட்கார்ந்திருந்தார். அங்கே அவருடைய படைப்பையே வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் சரக்கை நீ சும்மா எடுத்துக்கொள்கிறாய், உன் சரக்குக்கு நான் ஏன் காசு தர வேண்டும் என்று குடித்ததற்குப் பணம் தர மறுத்துவிட்டார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது, பூர்ஷே பக்கம்தான் தீர்ப்பானது. அதன் தொடர்ச்சியாக 1851-இல் சாசெம் என்ற உரிமைத்தொகை வசூல் சங்கம் உருவானது. இன்றும் இயங்குகிறது.

இதில் நான் கவனிப்பது ஒன்றுதான். அந்த கஃபேக்கு வந்தவர்களிடம் பூர்ஷே ஒரு காசு கேட்கவில்லை. அவர்கள் பானம் குடித்தார்கள், பாட்டு காதில் விழுந்தது, அவ்வளவுதான். பாட்டைக் காட்டிக் கூட்டம் சேர்த்தவரிடம்தான் அவர் கை நீட்டினார். எடிசன் ஃபோனோகிராப்பைக் கண்டுபிடித்தது 1877-இல். தட்டாகவும் நாடாவாகவும் குறுந்தகடாகவும் பாட்டை ரசிகரின் கையில் நேரடியாக விற்றது அதற்குப் பிறகுதான். 1999-இல், நெட்டில் ஆளுக்கு ஆள் பாட்டை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் நாப்ஸ்டர் வந்தது, அந்த வியாபாரம் ஆட்டம் கண்டது. மனித குலம் பாடிய காலத்தோடு ஒப்பிட்டால் நூற்றுச் சொச்ச வருடம் ஒரு கண் சிமிட்டல். அது போய்விட்டதே என்று நாங்கள் இன்னும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பணம் இல்லாமல் போகவில்லை. உலக இசைப்பதிவுத் துறையின் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ கணக்குப்படி, 2023-இல் பதிவு இசையின் மொத்த வருவாய் 2,860 கோடி டாலர். மூன்றில் இரண்டு பங்கு ஸ்ட்ரீமிங்கில், அதாவது நெட்டிலிருந்து நேரடியாகக் கேட்பதில் வந்தது. பிறகு எனக்குத் தெரிந்த கலைஞர்கள் ஏன் சைபருக்குப் பக்கத்திலேயே நிற்கிறார்கள்? பெரும்பாலான சேவைகளில் எல்லாச் சந்தாவும் ஒரே உண்டியலில் விழுகிறது. அந்த மாதம் மொத்தமாக எத்தனை முறை எதைக் கேட்டார்கள் என்று எண்ணி அதன்படி பிரிக்கிறார்கள். நீங்கள் மாதம் முழுக்க ஒரே ஒரு புல்லாங்குழல்காரரை மட்டும் கேட்டிருந்தாலும், உங்கள் சந்தாவில் பெரும்பகுதி நீங்கள் ஒருமுறைகூடக் கேட்காத நட்சத்திரங்களுக்குத்தான் போய்ச் சேரும். யார் யாரைக் கேட்டாரோ அவருக்கே அவருடைய காசு என்கிற முறையை 2021-இல் சவுண்ட்கிளவுட் என்ற ஸ்ட்ரீமிங் சேவை சிறு கலைஞர்களுக்காகக் கொண்டுவந்தது. மற்றவர்கள் அந்தப் பக்கம் மெதுவாகத்தான் திரும்புகிறார்கள். ஸ்பாட்டிஃபையிலோ 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத டிராக்குக்குப் பதிவுக்கான உரிமைத்தொகையே கிடையாது. என் டிராக்குகளில் பாதி அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கின்றன. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, வந்தாலும் அது சில்லறைதான்.

இலவசமாகக் கொடுத்தும் சம்பாதித்தவர்கள் உண்டு. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 2007-இல் தன் புதிய ஆல்பத்தை பிரிட்டனில் ஒரு ஞாயிறு நாளிதழோடு இலவச இணைப்பாகக் கொடுத்தார். (நீங்கள் பத்திரிகைக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன்.) வாசகருக்கு இலவசம். காசு கொடுத்தது நாளிதழ். அந்தக் கோடையிலேயே லண்டனில் ஒரே அரங்கில் 21 இரவு கச்சேரி செய்தார். பூர்ஷே கேட்டதும் இதுதானே? கூட்டம் சேர்க்க யாருக்குப் பாட்டு தேவையோ அவர் கொடுக்கட்டும்.

2008-இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு வேறு மாதிரி செய்தது. 36 டிராக்குகள் கொண்ட தொகுப்பில் முதல் ஒன்பதை இலவசமாக விட்டார்கள். முழுவதையும் இறக்கிக்கொள்ள 5 டாலர். கூடவே கையெழுத்திட்ட, எண்ணிட்ட பெட்டி ஒன்று, விலை 300 டாலர், மொத்தம் 2,500 மட்டும். சில நாட்களில் தீர்ந்துவிட்டது. பெருக்கினால் ஏழரை லட்சம் டாலர். இசை ஏற்கெனவே கையில் இருக்கும்போது 300 டாலர் கொடுத்து அவர்கள் வாங்கியது என்ன? அந்தக் குழுவோடு தனக்கு ஓர் உறவு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கலைஞரை ரசிகர்கள் ஆதரிக்கும் பேட்ரியான் தளத்தில் மாதாமாதம் கொடுப்பவர்களும், கலைஞர்களே இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கேட்ட விலைக்கு மேலே போட்டு வாங்குபவர்களும் இந்த ரகம்தான். ஆனால் பிரின்ஸும் இந்தக் குழுவும் பெயர் எடுத்தது பழைய வியாபாரத்தில், கம்பெனிகளின் செலவில். நேற்று முதல் பாட்டைப் போட்ட பையனிடம் போய் 300 டாலர் பெட்டி செய் என்று சொன்னால் அது கேலி.

மேடையில் வாசித்துச் சம்பாதியுங்கள் என்ற அறிவுரைக்கும் இதே பதில்தான். பாடகர் மேடை ஏறலாம், பாடலாசிரியர் எங்கே ஏறுவார்? மிக்சிங் செய்பவர்? கால்ஷீட்டுக்கு வந்து வாசித்துவிட்டுப் போகும் என் மாதிரி ஆட்கள்? 2020-இல் உலகத்து மேடைகள் எல்லாம் ஒரே மாதத்தில் மூடியபோது, மேடையை மட்டுமே நம்பியிருந்த நண்பர்கள் கருவிகளை விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கம்பெனிகளுக்கு என்ன வேலை மிச்சம்? எங்கள் காலத்தில் கேசட் அடிக்க வேண்டும், அட்டை அச்சிட வேண்டும், விற்காமல் திரும்பி வந்த பெட்டிகளை அடுக்க வேண்டும். இப்போது டிராக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோக ஒரு பையனும் ஒரு மடிக்கணினியும் போதும். அந்தப் பையனால் முடியாதது அனுமதி விற்பது. ஒரு விளம்பரத்துக்கோ விளையாட்டுச் செயலிக்கோ காத்திருப்பு இசைக்கோ ஒரு டிராக் வேண்டுமென்றால் இரண்டு அனுமதி வாங்க வேண்டும். இசையமைப்புக்கு ஒன்று, பதிவுக்கு, அதாவது மாஸ்டருக்கு ஒன்று. அந்த நிறுவனம் கடைசியில் எனக்குக் காசு கொடுத்ததற்குக் காரணம் என் வாதத் திறமை இல்லை. இரண்டு உரிமையும் ஒரே ஆளிடம் இருந்தன, ஒரே கையெழுத்தில் வேலை முடிந்தது. எழுதியவர் ஓரிடம், இசையமைத்தவர் ஓரிடம், மாஸ்டர் யாரிடம் என்றே தெரியாது என்றிருந்தால் அந்த மேனேஜர் மறுநாளே வேறு இசைக்கு மாறியிருப்பார். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பதிவு அன்றே எழுதி வாங்குவது, ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணை டிராக்குக்குப் போடுவது, வசூல் சங்கங்களில் பெயர்களைச் சரியான எழுத்தில் பதிவது, கேட்டு வருபவருக்கு ஒரே நாளில் விலையும் விடையும் சொல்வது, வந்த காசைப் பிரித்து நேரத்துக்கு அனுப்புவது. இதைச் செய்கிற கம்பெனிக்கு எத்தனை இலவசம் வந்தாலும் பங்கு உண்டு. செய்யாத கம்பெனி எதற்கு?

நான் செய்யவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதம் முழுக்க ஊருக்கு உபதேசமாகிவிடும். அந்த நிறுவனம் வருடத்துக்கு ஒரு தொகை என்று ஒத்துக்கொண்டு முதல் வருடப் பணத்தை அனுப்பியது. பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தப் புல்லாங்குழல் இல்லாமல் அந்த டிராக் இல்லை, பாதி அவருக்குத்தான் என்று முடிவு செய்தேன். பழைய கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தால், அந்தத் தேதியில் என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது: "புல்லாங்குழல் – 1 கால்ஷீட் – பட்டுவாடா ஆயிற்று." பெயர் இல்லை. அன்று காலை டீ வாங்கிய கணக்கு இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

இன்ஜினியர் ஒருவரைக் கேட்டு, அவர் இன்னொருவரைக் கைகாட்டி, ஐந்து மாதம் கழித்துத்தான் அவர் நம்பர் கிடைத்தது. இன்ன பணம் வந்திருக்கிறது, பாதி உங்களுக்கு என்றேன். எந்த டிராக் என்றே அவருக்கு நினைவில்லை. போனிலேயே போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அந்த மூச்சை ஏன் சார் வெட்டலை?" என்றார்.

இப்படிக்கு,
ஒரு கீபோர்டு வாசிப்பவர்
(முன்னாள் கேசட் கம்பெனிக்காரர்)